வீட்டுக்கு இணையம் எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். இரண்டாம் மாடி. எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை. மகள் பத்தாம் வகுப்பு. மாலை ஏழரை மணிக்கு அவளுக்கு இணையவழி வகுப்பு. நான்கே மாதத்தில் மூன்று இணைப்பு மாற்றினேன். முதல் இணைப்பில் மட்டும் 5,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. ஒரு பைசா திரும்பவில்லை. அலைச்சலும் மகள் தவறவிட்ட வகுப்புகளும் தனி.

அப்போது பார்த்தவர்களிடமெல்லாம் "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. தெருக் கம்பத்திலிருந்து என் அறைக்குள் வரப்போவது என்ன கம்பி? அது அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறவர் யார்? ஒரே கம்பெனியின் இணைப்பு ஒரு தெருவில் அருமையாகவும் அடுத்த தெருவில் அழுகையாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி நூறு மீட்டர்தான் காரணம். அதை மனத்தில் வைத்து, நான் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று இருந்தால் நொடிக்கு 100 எம்பி (மெகாபைட்) இறங்கும் என்று பொருளில்லை. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும். அதிகபட்சம் நொடிக்கு 12.5 எம்பி. இது தெரியாமல் முதல் வாரமே சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

காணொளி வகுப்புக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். ஆனால் அது இறங்கும் திசையிலும் (இணையத்திலிருந்து உங்களுக்கு) வேண்டும், ஏறும் திசையிலும் (உங்களிடமிருந்து இணையத்துக்கு) வேண்டும். சாதாரணத் தொலைக்காட்சித் திரையில் படம் பார்க்க 5, 4கே தரத்தில் பார்க்க 15 முதல் 25. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் தாராளம்; இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை செய்தால் 100 எடுங்கள். அதற்கு மேல் பெரிய கோப்புகளை அன்றாடம் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு மட்டும்தான் பயன். முகவர் 300 எடுக்கச் சொல்வார். முதலில் குறைந்த திட்டத்தை எடுங்கள். உயர்த்துவது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை.

2. தெருவில் இறங்கி நடந்து பாருங்கள்

கம்பெனியின் தளத்தில் அஞ்சல் குறியீட்டை அடித்தால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வரும். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தக் குறியீட்டுக்குள் ஐம்பது தெரு இருக்கும்.

மாலை நேரத்தில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள நான்கைந்து கம்பங்களை அண்ணாந்து பார்த்தால், கறுப்பாகவோ வெள்ளையாகவோ டிபன் பெட்டி அளவில் பெட்டிகள் தொங்கும். பலவற்றில் கம்பெனியின் பெயர் இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் எவருடைய பெட்டி இருக்கிறதோ, பட்டியலில் அவரை முதலில் வையுங்கள்.

பிறகு அக்கம்பக்கத்தாரிடம் விசாரியுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் "பரவாயில்லை" என்பார்கள். "கடைசியாக எப்போது நின்றது, எத்தனை நாளில் வந்து சரிசெய்தார்கள்?" என்று கேளுங்கள். உண்மை அதில் வந்துவிடும். அந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை இருந்தால் அங்கே கட்டாயம் கேளுங்கள். இணையம் நின்றால் அவர்களுக்கு அன்றைய பிழைப்பே நின்றுவிடும். எந்த இணைப்பு மழையில் தாங்குகிறது என்பதை அவர்களைப் போல எவரும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் எனக்கு வழிகாட்டியவரும் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர்தான்.

3. எந்த வகை என்பதைக் கம்பியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இங்கேதான் நான் ஏமாந்தேன். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

வீடு வரை ஃபைபர்: கம்பத்துப் பெட்டியிலிருந்து உங்கள் அறைக்குள் கண்ணாடி இழையே வர வேண்டும். கம்பி ஒல்லியாக இருக்கும். முனையில் சதுரமான சிறிய பிளாஸ்டிக் இணைப்பி, பெரும்பாலும் பச்சை நிறம், சில இடங்களில் நீலம். அது நேராக வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் செருகப்படும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதால் இடிமின்னல் காலத்தில் செப்புக் கம்பியை விட இது பாதுகாப்பு. ஏற்றும் வேகமும் இறங்கும் வேகமும் பல திட்டங்களில் சமமாகவே கிடைக்கும். உங்கள் தெருவில் இது வருகிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

தெரு வரை ஃபைபர், பிறகு லேன் கம்பி: எனக்கு "ஃபைபர்" என்று சொல்லித் தரப்பட்டது இதுதான். ஃபைபர் பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படி வரை வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது எட்டு செப்புக் கம்பிகளை உள்ளே வைத்த உருண்டையான லேன் கம்பி. முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் செருகி. பத்து நாள் நன்றாக ஓடியது. ஒரு மாலை மகளின் வகுப்பு நடுவில் நின்றது. எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தது, பெட்டியில் விளக்கு எரிந்தது, இணையம் மட்டும் இல்லை. மறுநாள் பணியாளருடன் நானும் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே தூசி படிந்த ஸ்விட்ச் (ஒரே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் கருவி), அதைச் சுற்றிப் பல்லி முட்டைகள். அந்தக் கட்டடத்தின் பொது மீட்டரிலிருந்து இழுத்த ஒரு பிளக்கில் செருகியிருந்தார்கள். அங்கே மின்சாரம் போனால் எங்கள் வீட்டில் இணையம் போகும். நான் எத்தனை பேட்டரி வாங்கி வைத்தாலும் பயனில்லை. ஆகஸ்டில் ஓர் இடிமழை இரவில் அந்த ஸ்விட்சும் என் ரவுட்டரும் சேர்ந்தே கருகின. லேன் கம்பி இணைப்பே கூடாது என்று சொல்லவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில், அதே கட்டடத்துக்குள், பேட்டரியோடு இருக்கும் ஸ்விட்சிலிருந்து வந்தால் நன்றாகவே ஓடும். தெரு தாண்டித் தொங்கிக்கொண்டு வந்தால் வேண்டாம்.

கேபிள் டிவி கம்பி வழி: தடிமனான கறுப்புக் கம்பி, திருகி மாட்டும் முனை. இறங்கும் வேகம் நன்றாகவே இருக்கும். ஏறும் வேகம் குறைவு. படம் பார்ப்பதற்குச் சரி, காணொளிச் சந்திப்புகளை நம்பிப் பிழைப்பவர்களுக்குச் சரியில்லை.

ஏர்ஃபைபர்: பெயரில் ஃபைபர் இருக்கிறது, வீட்டுக்கு வருவது 5ஜி அலை. ஜியோவும் ஏர்டெல்லும் தருகின்றன. பொதுவாக மாடியிலோ சன்னலுக்கு வெளியிலோ ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு பெட்டி. ஃபைபர் வராத தெருவுக்கும், ஆறு மாதத்தில் வீடு மாறப் போகிறவர்களுக்கும் இது நல்ல வழி. ஆனால் கோபுரத்தைச் சுற்றி இருக்கிற எல்லாருடனும் அலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். என் இரண்டாவது இணைப்பு இந்த வகைதான். காலை பதினோரு மணிக்கு 90 எம்பிபிஎஸ் காட்டியது, இரவு எட்டரைக்கு 11 ஆக இறங்கியது. எடுக்கும் முன் அதே கம்பெனியின் 5ஜி சிம் உள்ள கைப்பேசியோடு மாடிக்குப் போய், இரவு எட்டிலிருந்து பத்துக்குள் இரண்டு மூன்று நாள் வேகத்தை அளந்து பாருங்கள். அதே வேகம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, நிலவரம் தெரிந்துவிடும். வாடகை வீடென்றால் மொட்டை மாடியில் பெட்டி வைக்க வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும்.

பழைய தொலைபேசிக் கம்பி வழி இணைப்பைப் புதிதாக எடுக்காதீர்கள்.

பிஎஸ்என்எல் ஃபைபர் பற்றித் தனியாக ஒரு சொல். தமிழ்நாட்டில் பல இடங்களில் அதை வீட்டுக்குக் கொண்டுவருவது உள்ளூர்ப் பங்குதாரர், பெரும்பாலும் அந்தப் பகுதியின் கேபிள்காரர். ஆகவே அலுவலகத்துக்குப் போவதற்கு முன் அந்தப் பங்குதாரர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரியுங்கள். கம்பி அறுந்தால் வருபவர் அவர்தான்.

4. முகவரிடம் கேட்க வேண்டியவை

வாய்ப்பேச்சு வேண்டாம். வாட்ஸ்அப்பில் கேட்டு வாட்ஸ்அப்பிலேயே பதில் வாங்குங்கள். பின்னால் அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

என் அறைக்குள் வருவது ஃபைபர் கம்பியா, லேன் கம்பியா? "ஃபைபர் இணைப்புதான்" என்று மழுப்பினால், "என் வீட்டுப் பெட்டியில் செருகப்போவது எது?" என்று மறுபடி கேளுங்கள்.

மாதத்துக்குப் பயன்பாட்டு வரம்பு எத்தனை ஜிபி, தாண்டினால் வேகம் எவ்வளவு? "வரம்பற்றது" என்று எழுதியிருந்தாலும் வரம்பு உண்டு. ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி. ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி என்பது வழக்கம். 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை எடுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் அப்படி ஓடினால் மாதம் 840 ஜிபி. ஏர்ஃபைபர் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏறும் வேகம் எவ்வளவு? பெட்டியின் வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டிலும் ஓடுமா? பின்னால் லேன் கம்பி செருகும் துளைகள் கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வகையா? பழைய ரவுட்டர்களில் துளையின் எல்லையே 100 எம்பிபிஎஸ்தான். அதைக் கொடுத்துவிட்டு 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் வாங்கினால் பாதிப் பணம் வீண்.

வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறந்து பார்க்கும் எண்ணம் இருந்தால், பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து உங்கள் வீட்டு இணைப்பை நேரடியாக அடைய உதவும் எண்) கிடைக்குமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். வீட்டு இணைப்புகளில் பொதுவாக அது தானாகக் கிடைப்பதில்லை.

5. ஆவணங்கள்

ஆதார், ஒரு புகைப்படம், ஓடிபி வருவதற்கு உங்கள் பெயரில் உள்ள கைப்பேசி எண். இவ்வளவுதான் அடிப்படை. ஆதாரில் ஊர் முகவரி இருந்தால் இப்போதைய முகவரிக்குச் சான்று கேட்பார்கள்: வாடகை ஒப்பந்தத்தின் நகல், வீட்டின் மின்கட்டண ரசீது. வீட்டுக்காரரிடமிருந்து "கம்பி இழுக்கவும் சுவரில் துளையிடவும் ஆட்சேபம் இல்லை" என்று இரண்டு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். சில குடியிருப்புகளில் ஒன்றிரண்டு கம்பெனிகளுக்கு மட்டுமே கம்பி இழுக்க இடம் தந்திருப்பார்கள். இதை முதலிலேயே செயலாளரிடம் கேட்டுவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

ஆதார் ஆணையத்தின் தளத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற ஆதாரைப் பதிவிறக்கலாம். அதை ஏற்றுக்கொள்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். முழு நகல்தான் வேண்டும் என்றால், அதன் குறுக்கே "இணைய இணைப்புக்காக மட்டும்" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஓடிபி கேட்டால் குறுஞ்செய்தியை முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அது எதற்கான ஓடிபி என்று அதிலேயே எழுதியிருக்கும்.

6. உண்மையான செலவு

விளம்பரத் தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய்த் திட்டம் கையில் 589 ரூபாய். 799 என்பது 943 ரூபாய். அதற்கு மேல் பொருத்தும் கட்டணம், ரவுட்டருக்கு முன்பணம், கம்பி தூரமானால் மீட்டர் கணக்கில் கூடுதல் கூலி. ஒவ்வொன்றிலும் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

பெரிய கண்ணி முன்பணத் திட்டம்தான். "ஆறு மாதம் கட்டினால் பொருத்துவது இலவசம், ஒரு மாதம் கூடுதல்" என்பார்கள். நான் ஆறு மாதம் கட்டினேன், இரண்டு மாதம் கழித்து ரவுட்டர் கருகியது. அதற்குப் பிறகு நான்கு மாதப் பணத்தைக் கேட்டு அலைந்ததுதான் மிச்சம். முதல் மாதத்துக்குப் பொருத்தும் கட்டணம் 1,000 ரூபாய் கொடுத்தாலும் பரவாயில்லை, மாதாமாதம் கட்டும் திட்டத்தையே எடுங்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டி ஓடினால் பிறகு ஆண்டுத் திட்டத்துக்கு மாறுங்கள்.

பணத்தை முகவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள். கம்பெனியின் செயலியிலோ தளத்திலோ கட்டி, ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது வாங்குங்கள்.

7. பொருத்தும் நாளில் கூடவே இருங்கள்

பணியாளர் வருவதற்கு முன் பெட்டி எங்கே என்று நீங்கள் முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசலருகே, கம்பி குறைவாகச் செலவாகும் மூலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டின் நடுப்பகுதி, நெஞ்சுயரம், அருகில் பிளக். பீரோவுக்குப் பின்னாலும் தொலைக்காட்சிக்கு அடியிலும் வேண்டாம்.

கம்பத்துப் பெட்டியிலிருந்து வீடு வரை ஒரே நீளமாக, நடுவில் ஒட்டு இல்லாமல் இழுக்கச் சொல்லுங்கள். நடுவில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தால் முதல் மழையில் தகராறு அங்கிருந்துதான் தொடங்கும். சுவர் மூலையில் கம்பியைச் சட்டென்று மடிக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி. நாற்பத்தைந்து பாகையாகவோ தொண்ணூறு பாகையாகவோ முறித்து ஆணி அடித்தால் ஒளி அங்கேயே சிந்திவிடும். வளைவு டீத்தட்டு அளவுக்காவது இருக்கட்டும்.

முடித்ததும், "அண்ணா, பவர் எவ்வளவு காட்டுகிறது?" என்று கேளுங்கள். கையடக்கக் கருவி ஒன்றைக் கம்பி முனையில் வைத்துப் பார்ப்பார். கம்பியில் வந்து சேரும் ஒளியின் அளவாக மைனஸில் ஓர் எண் வரும். எங்கள் வீட்டில், கடைசியாக எடுத்த ஃபைபர் இணைப்பில், −19 காட்டியது. −15 முதல் −24 வரை இருந்தால் கவலை இல்லை. −27-ஐ நெருங்கினால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். எங்கோ மடிப்போ மோசமான ஒட்டோ அழுக்கோ இருக்கிறது. அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். ஏணியை இறக்கிவிட்டால் அவர் திரும்பி வர நாளாகும். அந்த எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். அவருடைய கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கொளுத்தும் வெயிலில் கம்பம் ஏறி இறங்குகிற மனிதர், ஒரு சொம்பு மோர் கொடுத்து உட்கார வையுங்கள்.

8. முதல் வாரத்தில் அளந்து பாருங்கள்

வைஃபையில் அளந்து கம்பெனியைக் குறைசொல்ல முடியாது. மடிக்கணினியை லேன் கம்பியால் நேரே பெட்டியில் இணைத்து அளக்க வேண்டும். கம்பியில் 98 வந்து படுக்கையறை வைஃபையில் 30 வந்தால் குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, சுவரை எளிதில் தாண்டாது, 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டும். பெட்டி இருக்கும் அறையில் முதலாவதையும் தூர அறையில் இரண்டாவதையும் பயன்படுத்துங்கள். காலை, மாலை, இரவு ஒன்பது என்று ஏழு நாள் அளந்து படம்பிடித்து வையுங்கள். இரவில் மட்டும் விழுகிறது என்றால் அந்தத் தெருவுக்கு வரும் இணைப்பிலேயே நெரிசல் இருக்கிறது. புகாரில் அந்தப் படங்களையும் சேருங்கள்.

9. மின்வெட்டுக்கு ஏற்பாடு

ரவுட்டருக்கென்று சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. நான் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மணி நேரம் தாங்குகிறது. வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றில் 9. வோல்ட் மாறினால் பெட்டி போய்விடும். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டு முனை உள்ள யுபிஎஸ்ஸாக வாங்குங்கள்.

10. நின்றுபோனால், விலக நினைத்தால்

பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பியில்தான் கோளாறு. மின்வாரியத்தார் மரக்கிளை வெட்டிய நாளிலும் சாலை தோண்டிய நாளிலும் இது வரும். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. உடனே புகார் பதிவு செய்யுங்கள். பணியாளரிடம் நேரில் சொன்னாலும், கம்பெனியின் எண்ணிலோ செயலியிலோ பதிந்து புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். அந்த எண் இல்லை என்றால் புகாரே இல்லை.

தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்கள் அவரை நியமித்திருக்க வேண்டும். 30 நாளுக்குள் முறையிட வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதினால் தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. நான் இரண்டு வாரம் அப்படிக் காத்திருந்து வீணாக்கினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியலாம்.

இணைப்பை விடும்போது கட்டாமல் விட்டால் தானே நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பிறகு பாக்கி என்று அழைப்பு வரும். எழுத்தில் ரத்து செய்யச் சொல்லிக் கோரிக்கை எண் வாங்குங்கள். ரவுட்டர் கம்பெனியுடையது என்றால் அடாப்டரோடு ஒப்படையுங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் வரிசை எண்ணைப் படம்பிடித்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிய பிறகே கையிலிருந்து விடுங்கள். ரவுட்டருக்குக் கட்டிய முன்பணம் உங்கள் கணக்கில் ஏறும் வரை அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.